சாத்தானுக்கு நான் கொடுத்த குரல்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். இதையே வேறு யாராவது என் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து சொல்லியிருந்தால், பாப்பிரெட்டிப்பட்டி வரும்வரை நானே சிரித்துக்கொண்டு வந்திருப்பேன். பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்து பரோட்டா தின்றவன் நான். கத்தோலிக்கன்தான், ஞாயிறு பூசைக்குப் போவேன், பிரசங்கத்தில் தூங்குவேன், அவ்வளவுதான் என் பக்தி.

தவக்காலத்தில் எங்கள் ஊரில் பாஸ்கா போடுவோம், அதாவது இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்பது. எங்களில் ஒருவனுக்கும் வசனம் மனப்பாடம் ஆகாது என்பதால், பல வருஷத்துக்கு முன்பே தருமபுரியில் ஒரு ஸ்டுடியோவில் வசனம் முழுவதையும் பதிந்து வைத்துவிட்டார்கள். ஸ்பீக்கரில் அது ஓடும், நாங்கள் வாயை மட்டும் அசைப்போம். இயேசுவின் குரல் கோயில் உபதேசியாருடையது. சாத்தானின் குரல் என்னுடையது. அந்தச் சிரிப்பு வேறு யாருக்கும் வரவில்லை என்றார்கள், நானும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். வேஷமும் வருஷா வருஷம் எனக்குத்தான்.

போன தவக்காலத்தில், இயேசுவாக நடிக்கிறவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஃபாதர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அந்தோணி, தாடி ரெடியா இருக்கு, நீயே நின்னுடு" என்றார். அது வேஷத்துக்கு வளர்த்த தாடி இல்லை. மழைக்காலத்தில் டெங்குவில் என் மனைவி ஸ்டெல்லா போய்ச் சேர்ந்த பிறகு சவரம் பண்ணத் தோன்றவில்லை. சாத்தான் வேஷம் என் கூட்டாளி இருதயராஜுக்குப் போனது. அவன் என் வயிற்றைத் தட்டி, "நாப்பது நாள் சாப்புடாத இயேசுவுக்கு இம்மாந் தொப்பையாடா? சாத்தான் சொன்னபடியே கல்ல அப்பமாக்கித் தின்னுட்டாருன்னு சனம் நெனைக்கும்" என்றான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஆனால் ஒன்றை மட்டும் அவனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். கோயிலுக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது, அடியில் பச்சைத் தண்ணீர். ஆள் இல்லாமல் காலி ஆட்டோவோடு அதை ஒட்டிய ரோட்டு வளைவில் திரும்பும்போதெல்லாம் கை அந்தப் பக்கமாக இழுக்கும், ஸ்டெல்லா இருக்கிற இடத்துக்கே போய்விடலாமே என்று. மூன்றாவது படிக்கிற என் மகள் ஜெனிபர் முகத்தை நினைத்துக்கொண்டு நேராக ஓட்டிவிடுவேன். வீட்டுக்குப் போய் ஒரு ஜோக் அடிப்பேன்.

சாத்தான் இயேசுவை ஆலயத்து உச்சியில் நிறுத்திக் குதிக்கச் சொல்கிற காட்சியை அந்தக் குவாரி விளிம்புப் பாறையில்தான் நடிப்போம், சனம் எதிர் மேட்டில் உட்கார்ந்து பார்க்கும். அன்றைக்கு வெயில் இன்னும் இறங்கவில்லை. வெள்ளை அங்கியில் நான், பக்கத்தில் அட்டைக் கொம்போடு இருதயராஜ். நான் தவறிவிடக் கூடாதென்று அங்கியை முதுகுப் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தான். எதிரே முதல் வரிசையில் அத்தை மடியில் ஜெனிபர். ஸ்பீக்கரில் என் குரல் என்னைக் குதிக்கச் சொன்னது, பிறகு சிரிக்க ஆரம்பித்தது. பாதிச் சிரிப்பில் கரண்ட் போய்விட்டது.

சிரிப்பு நிற்கவில்லை.

அது மெல்லத் தணிந்து பேச்சானது. ஸ்டுடியோவில் பேசிய நாடகத் தமிழ் இல்லை, நான் வீட்டில் பேசுகிற பேச்சு. "டேய் அந்தோணி, ஸ்டெல்லா கீழதான் நிக்கறா பாரு. அவ இல்லாத வூட்ல நீ என்னத்தடா பண்ற? ஒரு எட்டு வை, போதும்."

பார்த்தேன். தண்ணீர் ஓரத்துப் பாறையில், தலைக்குக் குளித்தால் சுற்றிக்கொள்வாளே அந்தச் சிவப்புத் துண்டோடு, அண்ணாந்து என்னைப் பார்த்தபடி நின்றாள். எதிர்வெயிலுக்குக் கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள். என் வலது கால் தானாகப் பாறையை விட்டு எழுந்தது. அப்போது எனக்குக் கொஞ்சமும் பயம் இல்லை, இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

காலை முன்னால் வைக்கப்போன நேரத்தில்தான் ஒன்று உறைத்தது. ஸ்டெல்லா சிரிப்பாளா? ஸ்டூல் போட்டு பல்பு மாட்டினாலே, "ஏங்க, எறங்குங்க மொதல்ல, உழுந்து தொலைச்சா யாரு பாக்கறது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டுகிறவள். குடித்தனம் நடத்திய காலத்தில் என்னை இவ்வளவு நேரம் திட்டாமல் அவள் பார்த்ததே கிடையாது. இது அவள் இல்லை. அது புரிந்தவுடன் தூக்கிய காலைப் பாறையிலேயே ஊன்றினேன். இருந்தாலும், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், அவள் இல்லை என்று தெரிந்த பிறகும் போகத்தான் ஆசையாக இருந்தது.

அந்த இடத்தில் இயேசு சொல்ல ஒரு பதில் உண்டு, வருஷா வருஷம் கேட்ட பதில்தான். ஒரு வார்த்தை ஞாபகத்துக்கு வரவில்லை. சிலுவை போட்டேன். "ஆண்டவர் கூப்புட்டா வரேன். நீ கூப்புட்டு வர மாட்டேன். எம் பொண்ணு அங்க ஒக்காந்துருக்கா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். கீழே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. இயேசுவுக்கு மூச்சு வாங்குகிறது என்று சனம் கைகொட்டிச் சிரித்தது. கரண்ட் வந்து, உபதேசியார் குரல் சாத்தானை விரட்டியது. நான் வாயை அசைக்கவே இல்லை.

காட்சி முடிந்ததும் பாறைக்குப் பின்னால் இருதயராஜ் கொம்பைக் கழற்றினான். "கரண்ட் போச்சுன்னு நீயே பேசிச் சமாளிச்ச, சரி. ஸ்டெல்லா பேர ஏன்டா இழுத்த?"

"உனக்கும் கேட்டுச்சா?"

"பக்கத்துல நிக்கறவனுக்குக் கேக்காதா? உங்கிட்ட இருந்துதான் வந்துச்சு. ஆனா உன் வாய் மூடி இருந்துச்சுடா. முதுவுல கை வெச்சிருந்தேன், உள்ள அதிர்ந்துச்சு."

"அதுக்கு நான் சொன்ன பதிலு?"

"என்ன பதிலு? நீ ஒண்ணுமே பேசலியே. பேசாம ஒக்காந்துட்ட."

இனி அந்த வேஷம் கட்ட மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். நான் ஃபாதரிடம் போய், குவாரி வளைவில் கை இழுப்பது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "கேக்க வேண்டியவருக்கு அந்தப் பதில் கேட்டிருக்கும்ப்பா. இனிமே தனியா வெச்சுக்காத, எப்ப வேணா வா" என்றார். வாரா வாரம் போகிறேன். உண்மையாகவே இப்போதெல்லாம் அந்த வளைவில் கை இழுப்பதில்லை. தாடியையும் எடுத்துவிட்டேன். ஜெனிபர் பழைய அப்பா வந்துவிட்டார் என்கிறாள்.

மதியத்தில் ஆட்டோ ஸ்டாண்டில் ஆள் சேரக் காத்திருக்கும்போது மட்டும், வாயை இறுக்க மூடிக்கொண்டு தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில நாள் அதிர்கிறது. உடனே சிலுவை போட்டுக்கொண்டு, வராத பயணிகளைச் சத்தம் போட்டுக் கூப்பிட ஆரம்பித்துவிடுவேன்.