இடையில் ஒருவரும் இல்லை

போன கிழமை என் போனில் புதிதாக ஒரு அரட்டைச் செயலியைப் போட்டேன். போட்டேன் என்று சொல்வதுகூட அதிகம். விரலால் ஓரிடத்தில் தொட்டேன், அது தானாக இறங்கித் தானாகக் குந்திக்கொண்டது. திறந்தவுடன் முதல் வரியே இப்படி: உங்களையும் பெறுபவரையும் தவிர வேறு எவரும் உங்கள் செய்திகளைப் படிக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா தனியச் சிரிக்கிறீங்கள்?" என்று மகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த ஒன்றுமில்லாததைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

இதே வரியை இதே உறுதியோடு ஒருவன் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான்.

கலியாணத்துக்கு முந்திய காலம். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மீன் ஏற்றுமதி செய்யும் கொம்பனி ஒன்றில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்தேன். உப்புவெளியில் இருந்து சைக்கிளில் போய் வருவேன். கந்தோர் என்கிற அலுவலகம் முன்னால், ஐஸ் ஆலை பின்னால், அதற்கும் பின்னால் படகுகள் கட்டும் துறை. என்னுடைய மேசைக்குப் பக்கத்து யன்னலால் பார்த்தால் தூரத்தில் கடற்படைக் கப்பல்கள் அசையாமல் நிற்கும். வாசலில் மான் ஒன்று வந்து வாழைப்பழத் தோலுக்காகக் காத்து நிற்கும். காற்று திரும்பினால் ஐஸ் ஆலையில் இருந்து அமோனியா மணம் வந்து கண்ணைக் கரிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த மணம் வந்தால் என் விரல்கள் கீபோட்டைத் தேடும். மூக்குக்கும் விரலுக்கும் என்ன தொடர்போ தெரியாது.

கந்தோருக்கும் ஐஸ் ஆலைக்கும் இடையில் ஒரு பெரிய முற்றம். அதைக் கடக்க மனேஜரிடம் கேட்க வேண்டும். உள்ளுக்குள் பேசும் போனும் அவருடைய அறையில்தான் இருந்தது. ஐஸ் ஆலையில் எத்தனை கட்டி உடைத்தார்கள் என்று கேட்பதற்குக்கூட அவருடைய முகத்தில் விழிக்க வேண்டும். அதனால்தான் நிமலன் அந்த யோசனையோடு வந்தபோது நான் கதிரையை இழுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் இருந்தேன்.

நிமலன் எங்களுடைய கணினிப் பொறுப்பாளன். எனக்கு அவனை டியூசன் வகுப்புக் காலத்திலேயே தெரியும். மென்பொருள் லைசென்ஸ் பற்றி யாரோ வந்து பயமுறுத்திவிட்டுப் போனதில் முதலாளி எல்லாக் கணினிகளையும் லினக்ஸுக்கு மாற்றச் சொல்லியிருந்தார். அந்த வேலையைத் தனியாளாகச் செய்தவன் அவன். ஒரு நாள் நெட் கபேயில் இருந்து ஒரு சிடியோடு வந்தான். அதில் ஓர் அரட்டைச் செயலியின் மூலநிரல் இருந்தது: செயலியாக ஆகுமுன் ஆட்கள் எழுதி வைத்த வரிகள்.

"இது அப்பிடியே ஓடாது. நாங்கள்தான் இதைக் கட்டி எடுக்க வேணும்," என்றான்.

"ஏன், கட்டினது கிடைக்காதோ?"

"கிடைக்கும். ஆனா கட்டினதுக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாது. மூலத்தில இருந்து கட்டினா ஒளிவுமறைவு இல்லை. ஆரும் திறந்து வாசிக்கலாம். இதில நடுவில சேர்வரும் இல்லை. உங்கட மிசினில இருந்து நேர மற்ற மிசினுக்குப் போகும். இடையில ஒருத்தரும் இல்லை."

அதைக் கட்டியது பெரிய கதை. கட்டளையை அடித்தால் கறுப்புத் திரையில் வரிகள் ஓடும். ஓடி ஓடி ஓரிடத்தில் நின்று, இன்ன கோப்பு இல்லை என்று சொல்லும். நிமலன் நெட் கபேக்குச் சைக்கிளில் போய் அந்தக் கோப்பை இறக்கிக்கொண்டு வருவான். திரும்ப அடித்தால் அது இன்னொன்றைக் கேட்கும். அவனுக்குக் கண் நொந்தால், திரையில் வருவதை நான் உரத்து வாசிப்பேன். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. கோயிலில் சமஸ்கிருதம் சொல்வது போல ராகத்தோடு சொல்லுவேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே எந்தக் கோப்புக்குப் பின் எந்தக் கோப்பு வரும் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் பிழை எதுவும் இல்லாமல் வரிகள் ஓடி முடிந்து, ஒரு வெள்ளைப் பெட்டி திறந்தபோது இருவரும் கைதட்டினோம். எட்டிப் பார்த்த மனேஜரும் சிரித்தார். நல்ல மனிசன் என்று நினைத்தேன்.

ஐஸ் ஆலையின் கணினியில் இருந்தவள் பரீனா. கிண்ணியாக்காரி, என்னிலும் கொஞ்சம் இளையவள். அதுவரை சம்பள நாளில் தலையாட்டுவதோடு சரி. இப்போது ஐஸ் கணக்குக் கேட்கத் தொடங்கியது, சாப்பாட்டில் போய், வீட்டில் போய், வாழ்க்கையில் போய் நின்றது. ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்போம். ஒரு நாள் அவளுக்குப் பல்வலி. அடுத்த நாள் காலையில் ‘வலி இல்லை’ என்று எழுதியிருந்தாள். ‘சந்தோசம்’ என்று பதில் போட்டேன். அங்கே இருந்த ஒரேயொரு வாளியும் உடைந்துபோய், மீனுக்கு ஐஸ் அள்ள வழியில்லாமல் அவள் நின்றிருக்கிறாள். ஆங்கில எழுத்தில் வாளியும் வலியும் ஒன்றுதானே. பிறகு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். முற்றத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்து அவள் சிரிப்பது எனக்குக் கேட்காது. ஆனால் பதில் வரச் சுணங்கினால், சிரிக்கிறாள் என்று தெரியும்.

சில மாதங்களில், சின்னத் திருத்தம் என்று சொல்லி நிமலன் எல்லாக் கணினிகளிலும் புதிய பதிப்பைப் போட்டான். அதற்கு நான் தேத்தண்ணி வேறு ஊற்றிக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் ஐஸ் ஆலையில் அமோனியாக் குழாய் கசிந்தது. வேலைசெய்துகொண்டிருந்த ஒருவர் மயங்கி விழுந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வெய்யிலில் மயங்கினார் என்று எல்லோரும் சொல்ல வேண்டும் என்பது மனேஜரின் உத்தரவு. பரீனா எனக்கு எழுதினாள்: ‘அக்கா, தொழில் கந்தோர் ஆக்கள் விசாரிக்க வந்தா நான் உள்ளதைச் சொல்லுவன். அந்த மனிசன்ட மூச்சு அடைச்சதை நான் கண்ணால கண்டது.’ சொல்லு, நானும் உன்னோடு நிற்பேன் என்று பதில் எழுதினேன்.

அடுத்த நாளே அவளை மனேஜரின் அறைக்குக் கூப்பிட்டு வேலையால் நிறுத்தினார்கள். ஐஸ் ஆலைக்குப் போய்த் திரும்பி வரும்போது கையில் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியும் குடையும் இருந்தன. ஒருவரிடமும் கேளாமல் முற்றத்தைக் கடந்து நேரே என் மேசைக்கு வந்தாள்.

"‘கண்ணால கண்டது’ எண்டு மனேஜர் என்ட சொல்லாலயே எனக்குச் சொல்றார் அக்கா. உங்களுக்கு மட்டும்தானே எழுதின?"

"பரீனா, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அப்ப ஆரு?"

அவள் போய்விட்டாள். நிமலனிடம் ஓடினேன். செயலி வழியாக வெளியே போயிருக்குமா என்று கேட்டேன். அவன் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"சீ, அதுக்கு இடமே இல்லை. அவ வேற ஆருக்கும் வாய்விட்டிருப்பா. நீங்கள் மனசைப் போட்டு உழப்பாதேங்கோ."

ஆறுதலாக இருந்தது என்பதுதான் வெட்கம். அந்த ஆறுதலோடு இரண்டு கிழமை வேலைக்குப் போனேன். ஐஸ் ஆலைப் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள்.

பிறகு என் மேசைக்குப் புதுக் கணினி வந்தது. நிமலன் வெருகல் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தான். எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே என்று, அவனுடைய கணினியில் கிடந்த மூலக் கோப்புகளை எடுத்து நானே கட்டத் தொடங்கினேன். வரிகள் ஓடின. வாயும் பழக்கத்தில் கூடவே முணுமுணுத்தது. நடுவில் என் வாய்க்குத் தெரியாத ஒரு கோப்பின் பெயர் வந்தது. நாங்கள் கட்டியபோது அது இருக்கவில்லை. திறந்து பார்த்தேன். நிரல் விளங்கவில்லை, ஆனால் அதற்குள் ஒரு கணினியின் முகவரி எண் இருந்தது. அந்த எண்களை ஒவ்வொரு கணினிப் பெட்டியிலும் எழுதி ஒட்டியவள் நான். அது மனேஜருடைய கணினி. எழுதுகிற ஒவ்வொரு செய்தியின் பிரதியும் அவரிடம் போய்க்கொண்டிருந்தது. பல்வலியும், வாளியும், எல்லாம்.

மனேஜர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவர் யார் எனக்கு? பக்கத்தில் இருந்து கைதட்டியவனைத்தான் நினைத்தேன்.

நிமலன் வந்த அன்று துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். மறுக்கவில்லை. நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது.

"அவர் கேட்டவர். செய்யாட்டி வேலை போயிருக்கும்."

"பரீனாவைப் போகவிட்டுட்டு, என்னையும் பழி சுமக்க விட்டுட்டு, மனசை உழப்பாதேங்கோ எண்டு சொன்னீங்களே நிமலன்."

அதற்கு அவன் சொன்னதுதான் இன்னும் என் காதில் கிடக்கிறது.

"நான் ஒண்டையும் ஒளிக்கேல்லையே. மூலம் அங்கதானே திறந்து கிடந்தது. நீங்கள் வாசிச்சிருக்கலாம்."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் பழைய சிடியில் இருந்த மூலத்தை எடுத்து, என் கணினியில் சுத்தமாகக் கட்டினேன். அதில் இருந்து எல்லாக் கணினிகளுக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன்: நீங்கள் எழுதுவதெல்லாம் மனேஜருக்குப் போகிறது, நிமலன் போட்ட பதிப்பைப் பாவிக்காதேங்கோ. மத்தியானத்துக்குள் என்னையும் கூப்பிட்டார்கள். வேலை போனது.

அன்று பின்னேரமே கிண்ணியாவுக்குப் போனேன். அப்போது பாலம் இல்லை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். இரும்புத் தட்டில் சைக்கிள்களுக்கும் கோழிக்கூடைகளுக்கும் நடுவில் நின்று, சொல்லப்போவதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பரீனா வாசலுக்கு வந்தாள். உள்ளே கூட்டிப்போய்க் கதிரை போட்டாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"நம்புறன் அக்கா," என்றாள். "ஆனா இந்த ரெண்டு கிழமையும் படுத்தாலும் எழும்பினாலும் உங்களத்தான் ஏசிக்கொண்டு இருந்த. அதை இனி எங்க கொண்டுபோய்ப் போடுற?"

இப்போது பாதையும் இல்லை. பாலத்தில் பஸ் ஒரு மூச்சில் கடந்துவிடுகிறது. கொம்பனியை மூடி, ஐஸ் ஆலையை இடித்து, அந்த நிலத்தைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்கள். நிமலன் வெளிநாட்டில் இருக்கிறான். ஊருக்கு வந்தால் கோயிலில் கண்டு, சுகமோ என்று கேட்பான். ஓம் என்பேன். பரீனாவின் கலியாணத்துக்குப் போனேன், என்னுடையதுக்கு அவள் வந்தாள். பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புவாள், பொங்கலுக்கு நான் அனுப்புவேன். சந்தித்தால் பிள்ளைகளைப் பற்றி, விலைவாசியைப் பற்றி நிறையக் கதைப்போம். ஆனால் அன்றைக்குப் பிறகு, வேறு ஒருவருக்கும் சொல்லாத ஒன்றை அவள் எனக்குச் சொன்னதே இல்லை.