தட்டு மாற்றியவர்

காட்டூர் வீட்டை விற்றுவிட்டு ஸ்ரீரங்கம் வந்தேன். வீடு போனதற்கு நான் அழவில்லை. அந்த வீட்டோடு ஒரு ஆளும் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஆஸ்பத்திரிக் கடன் நின்றது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தவர் எதிர்வீட்டுத் தம்பி. சொந்தம் கிடையாது. அவரும் என் வீட்டுக்காரரும் துவாக்குடியில் ஒரே பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார்கள். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார், என்னை அண்ணி என்பார். மொட்டை போட்டுக்கொண்டார். காரியம் முடியும்வரை காலில் செருப்பில்லாமல் நடந்தார். "வருஷத் திதியும் நான்தான் அண்ணி செய்வேன்" என்று அவராகவே சொன்னார். எனக்கென்று மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

பிறகு பட்டறையில் ஆளைக் குறைத்தார்கள். தம்பி, மனை வாங்கி விற்கிறவர்களோடு சுற்ற ஆரம்பித்தார். ஒன்றும் அமையவில்லை. அவர் பெண்சாதி என்னிடம் அரிசி வாங்கிப் போவாள்.

வீடு விற்பனைக்கு என்று கேட்டில் சாக்பீஸால் எழுதிப் போட்டேன். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு சார், ரிட்டயர் ஆகப் போகிறவர், மனைவியோடு ஸ்கூட்டரில் போகும்போது அதைப் பார்த்து நிறுத்தினார். அவராக வந்தார். விலையை நானே பேசினேன். கடனை அடைத்து மிச்சத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு அறை ஒத்திக்குப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அங்கே ஒரு மெஸ்ஸில் காய் நறுக்க ஆள் தேவை என்று சொல்லியிருந்தார்கள்.

அட்வான்ஸ் கொடுக்க ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தட்டில் பணத்தை வைத்துக் கொடுப்பது வழக்கம். பூத் தட்டைக் கை நீட்டி வாங்க எனக்குத் தயக்கம். தாலி கழற்றி அதிக நாள் ஆகவில்லை. வீடு வாங்குகிறவர்களுக்கு மனசு சங்கடப்படக் கூடாது. தம்பியைக் கூப்பிட்டேன்.

"நீங்க வாங்கிக் குடுங்க தம்பி."

"இருங்க அண்ணி, சட்டைய மாத்திட்டு வரேன்."

வெள்ளைச் சட்டையில் வந்தார்.

"உங்க கொழுந்தன் புது மாப்பிள்ளையாட்டம் வந்திருக்காரே" என்று சாரின் மனைவி சிரித்தார்.

தம்பி தட்டை வாங்கினார். என்னிடம் கொடுத்தார். சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். எல்லோரும் காபி குடித்தோம். நடந்தது அவ்வளவுதான்.

பத்திரம் பதியும் அன்றைக்கு, ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவர் கடையில் காத்திருந்தோம். தம்பி சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். என்னை ஜெராக்ஸ் மிஷின் பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணி, என் ரெண்டு பர்சன்ட்ட இன்னைக்கே செட்டில் பண்ணிருங்க."

"எது தம்பி?"

"கமிஷன்தான்."

"அவங்கள நீங்க கூட்டிட்டு வரலயே."

"தட்டு என் கையாலதான மாறுச்சு? அட்வான்ஸ யாரு கை மாத்தி விடுறாங்களோ அவங்கதான் புரோக்கர். தொழில்ல அதான் வழக்கம். யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"இதப் போயி யாராவது சொல்லிக்கிட்டு இருப்பாங்களா? தெரிஞ்ச விஷயம்தான அண்ணி."

எனக்குத் தெரியாது. தட்டை அவரை வாங்கச் சொன்னபோது, கொழுந்தன் முறைக்குச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பத்திரம் எழுதுகிறவர் காதில் இது விழுந்துவிட்டது. அங்கிருந்தே கேட்டார்.

"ஏம்மா, கமிஷன்னு எதுலயாச்சும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லீங்க."

"வாயால ஒத்துக்கிட்டீங்களா?"

"பேச்சே வரலீங்க."

"அப்ப குடுக்கணும்னு ஒண்ணுமில்ல." தம்பி பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, தட்டத் தூக்குனதுக்கு ரெண்டு பர்சன்ட்டுன்னா, கல்யாணத்துல சீர்த்தட்டுத் தூக்குறவன்லாம் இந்நேரம் பங்களா கட்டியிருப்பானே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பி முகம் கறுத்துவிட்டது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வேலைக்குப் போகாம பக்கத்துல உக்காந்திருந்தேன். சம்பளத்தப் புடிச்சாங்க. மறந்துட்டீங்களா அண்ணி?"

"மறக்கல. அதுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க தம்பி, தரேன். தட்டுக்குத் தர மாட்டேன்."

தம்பி, சாட்சிக் கையெழுத்துக்கு வைத்திருந்த பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கினார். பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. தள்ளிக்கொண்டே போனார். சாட்சிக்குப் பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார்கள்.

கஷ்டமா இருக்கு அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். அவருக்கு அப்படிக் கேட்க வரவில்லை.

கடன் அடைந்தது. சாமானை வண்டியில் ஏற்றிய அன்று எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடியது. வரேன் என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறினேன்.

திதி வந்தது. முதல் நாள் போன் பண்ணினேன். அவர் பெண்சாதி எடுத்தாள்.

"நாளைக்குக் காலைல அம்மா மண்டபம். தம்பிகிட்ட சொல்லும்மா."

"சொல்றேன்க்கா." பிறகு, "அக்கா, அவரு..." என்று இழுத்தாள். வைத்துவிட்டாள்.

விடிந்ததும் எள், பச்சரிசி, வாழைக்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு படித்துறையில் நின்றேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து பஸ் வரும்போதெல்லாம் ரோட்டுக்குப் போய் இறங்குகிறவர்களைப் பார்த்தேன். வெயில் ஏறிவிட்டது. ஐயர் கூப்பிட்டார்.

"யாரும்மா வரணும்?"

"கொள்ளி வெச்ச தம்பி."

"வருவாரோ இல்லியோ?"

"ஊர்ல இல்லீங்க. வேலையா வெளியூர் போயிருக்காரு."

தம்பியை அவர் தப்பாக நினைக்கக் கூடாது.

"அப்படின்னா தர்ப்பையை நீங்க தொட்டுக் குடுங்கோ. உங்களுக்காக நான் பண்ணிடறேன். தோஷமில்லை."

தொட்டுக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார், சொன்னேன். மந்திரம் சொல்லி முடித்துப் பிண்டத்தை என் கையில் தந்தார். ஆற்றில் இறங்கினேன். தண்ணீர் முழங்காலளவுதான் இருந்தது. கரைக்கும்போதும் ஒரு தடவை படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன்.