கடல் தண்ணிக்கு வரப்பு

செஞ்சியிலிருந்து கடலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மரக்காணம் பக்கம் அழிந்துபோன அலையாத்திக் காட்டை மீட்கும் திட்டத்தில் எனக்குக் களப் பொறுப்பாளர் வேலை கிடைத்ததும், நைனா கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். டீக்கடைக்குள் நுழைந்தால், "கடலுக்கே நாத்து நடுற ஆளு" என்று பெஞ்சில் இடம் விடுவார்கள். அந்த மரியாதைக்கு நான் லாயக்கில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

அங்கே அப்போது காடு என்று சொல்ல ஒன்றுமில்லை. விறகுக்கு வெட்டியது போக, எப்போதோ ரோடு போட்டதில் வாய்க்கால் அடைபட்டு, கடல் நீர் உள்ளே வருவது நின்று, மண் வெளுத்துக் கிடந்தது. முதலில் கால்வாய்கள் வெட்டி நீர் வந்து திரும்ப வழி செய்தோம். நீர் ஏறியது. சில மணி நேரத்தில் வந்த வழியே வடிந்துவிட்டது. வந்த தண்ணீர் வீணாய்ப் போகிறதே என்றிருந்தது எனக்கு.

நிலமில்லாத வீடு எங்களுடையது. ஊரார் கழனியில் வரப்பு கட்டித்தான் நைனா என்னைப் படிக்க வைத்தார். வரப்பில் நண்டு வளை வழியாக ஏரித் தண்ணீர் கசிந்தால் குதிகாலால் மிதித்தே அடைத்துவிடுவார். வந்த தண்ணீரை விட்டவன் பயிர் செய்கிறவனே இல்லை என்று கேட்டு வளர்ந்தவன் நான். நாற்று நட்டு முடித்ததும், ஏறிய நீர் வடியாதபடி சுற்றி வரப்பு போடச் சொன்னேன். நண்டு வளைகளையும் அடைக்கச் சொன்னேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிருந்ததோ.

நடவுக்கு வந்த பெண்களை நடத்தியவர் நண்டு பிடிக்கிற ஓர் அம்மா. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "தண்ணி வந்து போவணும் சார். நின்னா உப்பாப் பூடும்" என்றார்.

"தண்ணி கட்டறத எனக்கே சொல்லித் தரியா? சொன்னதச் செய்ம்மா."

அவர் மண்வெட்டியை எடுத்தார். வரப்பைப் போட்டார்.

வெயில் ஏற ஏற நின்ற நீர் சுண்டியது. பக்கத்து உப்பளத்துக்கும் என் நடவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நாற்றெல்லாம் குச்சியாக நின்றது. அலுவலகத்தில் காரணம் கேட்டார்கள். 'ஆட்கள் வேரைச் சரியாகப் புதைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வரப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பெண்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா உப்பளத்தில் சுமக்கப் போனார். எதிரே வந்தால் பேசுவதுபோல் போனைக் காதில் வைத்துக்கொள்வேன்.

அந்த நேரம் பார்த்து நைனா, "உன் காட்ட ஒரு தரம் பாக்கணும்" என்று கிளம்பினார். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "நின்னுக்கினே வரேன்" என்றார்.

செத்த நாற்றுகளை அவர் குனிந்து பார்த்தார். வரப்பின்மேல் ஏறி நடந்து, குதிகாலால் அழுத்திப் பார்த்தார். உப்பளத்திலிருந்த அந்த அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசினால் கேட்கும் தூரம்தான்.

"செடி போனா போவுது. வரப்பு ஒரு சொட்டு கசியல. யார்ரா போட்டது?"

மெச்சித்தான் கேட்டார். 'ஆளுங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான்தான் போடச் சொன்னேன், நைனா. அதனாலதான் செத்துச்சு. அவங்க வேணாம்னாங்க, நான் கேக்கல. தப்ப அவங்க மேல எழுதிட்டேன்."

நைனா என்னைப் பார்க்கவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அந்த அம்மாவிடம் போனார்.

"எந்தப் பக்கம்மா வெட்டி வுடணும்?"

இத்தனை மாதத்தில் நான் ஒருமுறைகூட அவரிடம் கேட்காத கேள்வி. அவர் கை காட்டிய இடத்தில் நைனா மண்வெட்டியைப் போட்டார். ஆயுசு முழுக்க வரப்பு கட்டியவர் ஒரு வரப்பை வெட்டி நான் பார்த்தது அன்றுதான்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "இப்ப சொன்னத காயிதத்துலயும் எழுதிடு சார். இங்க சொன்னா எனக்குத்தான் தெரியும். எனக்கு முன்னாடியே தெரியும்."

திரும்பும் பஸ்ஸிலேயே மடியில் வைத்து எழுதினேன். அலுவலகத்துக்குக் கடிதம் போய்விட்டது, பதில் இன்னும் வரவில்லை. அவர் இன்னும் உப்புதான் சுமக்கிறார்.

அன்று செஞ்சியில் இறங்கியதும் நைனா, "நான் சொல்லி வச்சத நானே மாத்திச் சொல்லிடறேன்" என்று நேராக டீக்கடைக்குப் போனார். இப்போது அங்கே யாரும் எனக்கு இடம் விடுவதில்லை. நைனாவும் அந்த பெஞ்சில் உட்காருவதில்லை. நின்றுகொண்டே குடித்துவிட்டு வந்துவிடுகிறார்.