பலகையில் என்ன எழுதியிருக்கிறது

கீழ்வீட்டுக்காரர் என்னைச் சைக்கிள் ஓடக் கூப்பிட்ட அன்றைக்கே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பதினொரு வருடமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அந்தப் பதினொரு வருடத்தில் அவர் என்னோடு கதைத்ததெல்லாம் ஒரு 'போன்ஜூர்', குப்பைப் பை வைக்கிற நாள், படியில் உறைந்திருக்கும் பனி, இவ்வளவுதான். அப்படிப்பட்ட மனிதர், நான் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்ட மூன்றாம் கிழமை தபால்பெட்டிக்குப் பக்கத்தில் என்னை மறித்து, "சனிக்கிழமை காலையில் ஆற்றோரமாகச் சைக்கிளில் போவோமா?" என்று கேட்கிறார். யார்தான் நம்புவார்கள்?

அவர் சாதாரண ஆளும் இல்லை. ஓய்வு பெறும்வரை கொம்யூனில், அதாவது எங்கள் ஊர் நிர்வாக அலுவலகத்தில் இருந்தவர். நாங்கள் நொஷாட்டல் நகரத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வீடு மாறியபோது எங்கள் வதிவிட அனுமதி அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பதிந்து தந்தவரே அவர்தான். சுவிஸில் குடியுரிமைக்கு முதலில் ஊர் சம்மதிக்க வேண்டும். கொம்யூன் ஒரு குழுவை உட்காரவைத்து விண்ணப்பித்தவனை விசாரிக்கும். பிரெஞ்சு தெரியுமா, ஊர்ச் சரித்திரம் தெரியுமா, ஊராரோடு பழகுகிறாயா என்று கேட்கும். மொழியில் குறை கண்டால் கோப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். பிறகு எத்தனை வருடம் போகுமோ. இருபத்தாறு வருடமாகக் கவுண்டர் கவுண்டராக அட்டையை நீட்டி, இன்னும் இருக்கலாமா என்று கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இந்த ஒரு விசாரணையோடு அது முடிய வேண்டும் என்பதுதான் அந்த வருடம் முழுக்க என் ஒரே யோசனை.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசன் தனிய இருக்குது. சும்மா கூப்பிட்டிருக்கும், போயிட்டு வாங்கோவன்" என்றாள் மனைவி.

"சும்மா கூப்பிடுற ஆக்கள் இந்த நாட்டில இருக்கினமோ? உமக்கு ஒண்டும் விளங்காது. இது ஆழம் பாக்கிற வேலை."

"அப்ப போகாதேங்கோ."

"போகாட்டி அதையும் எழுதுவினம், ஊரோட பழகுறானில்லை எண்டு."

"உங்களோட கதைச்சு வெல்லேலாது" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில்தான் அவளுக்கு வேலை.

என் சந்தேகம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அகதி விசாரணையில் என் முன்னால் இருந்த பெண் கோப்பி ஊற்றித் தந்து, சிரித்துச் சிரித்து, உங்கள் ஊர்த் தேவாலயத்தின் வாசல் கேற் என்ன நிறம் என்று கேட்டாள். இரண்டு மணித்தியாலம் கழித்து அதே கேள்வி வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. அன்றைக்கு இரண்டு விஷயம் படித்தேன். விசாரிக்க எப்போதும் சிரிக்கிற முகத்தைத்தான் அனுப்புவார்கள் என்பது ஒன்று. மேசைக்கு அந்தப் பக்கம் எழுதுகிறதைத் தலைகீழாக வாசிக்கப் பழகியது மற்றது.

சனிக்கிழமை போனேன். தன்னுடைய பழைய றேஸ் சைக்கிளை எனக்குத் துடைத்து வைத்திருந்தார். கூடவே ஒரு செம்மஞ்சள் மேல்சட்டை, வீதி திருத்துகிறவர்கள் போடுகிற மாதிரிக் கண்ணைப் பறிக்கிற நிறத்தில். "இதைப் போடுங்கள், பாதுகாப்பு" என்றார். அவர் போட்டிருந்தது சாம்பல் நிறம். எவ்வளவு தூரத்திலிருந்தும் என்னைத் தவறவிடாமல் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்கள் முன்னால் போங்கள்" என்றார். எழுபத்து நாலு வயதிலும் என்னைவிட நன்றாக மிதிப்பார். ஆனால் ஒரு நாளாவது முந்தினதில்லை. இரண்டு சைக்கிள் தூரம் விட்டுப் பின்னாலேயே வருவார். நான் வேகம் கூட்டினால் கூட்டுவார், குறைத்தால் குறைப்பார். எனக்குப் பிடரி முழுக்கக் கூசும். நின்று கதைத்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார். என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு கதைப்பார். கள்ளப் பார்வை, வேறென்ன சொல்ல?

பிறகு கேள்விகள். ஆற்றோரப் பழைய துறவிகள் மடத்தின் வாசலில் நின்று, "அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது?" என்பார். குன்றின் மேலுள்ள கோட்டையைக் காட்டி, "இன்றைக்குக் கொடி ஏற்றியிருக்கிறார்களா?" என்பார். எழுபத்து நாலு வருடம் இதே பள்ளத்தாக்கில் இருந்த மனிதருக்கு அந்தப் பலகையில் இருப்பது தெரியாதாம், என்னிடம் கேட்கிறாராம். எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உச்சரிப்புக்குப் புள்ளி போடுகிறார் என்று நினைப்பேன்.

ஒருநாள் மனைவி சொன்னாள், "அந்த மனிசன் படி இறங்கேக்கை கைபிடியை விடுறேல்லை, கவனிச்சனீங்களோ?"

"அது பம்மாத்து. மேல ஏறேக்கை பாரும், பெடியன் மாதிரி ஏறுறார்."

"எங்கட இல்லத்தில நான் பாக்கிறனான். எனக்கு வித்தியாசம் தெரியும்."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூலகத்தில் அந்தப் பிரதேசத்துச் சரித்திரப் புத்தகம் ஒன்றை எடுத்து மனப்பாடம் செய்யத் தொடங்கியிருந்தேன். அடுத்த சனிக்கிழமை எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்று கேட்டுவைத்து, அந்த வழியிலுள்ள மடம், கோட்டை, பாலம் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டு போவேன். அவர் கேட்டதற்கு மேலாகவே சொல்வேன். அவர் தலையைச் சரித்து, "இவ்வளவுமா எழுதியிருக்கிறது?" என்று கேட்பார். பார்த்தாயா, மடக்கமுடியாமல் திணறுகிறார் என்று எனக்குள் ஒரு கெப்பர், தலைக்கனம்.

கோடை முடிகிற நேரம், "பிரான்ஸ் பக்கம் போவோம், லூ ஆற்றுப் பள்ளத்தாக்கு வரைக்கும்" என்றார். எல்லை தாண்டச் சொல்கிறாரே, இதில் என்ன வில்லங்கம் இருக்கிறதோ என்று இரவு முழுக்க யோசித்தேன். அட்டையையும் பாஸ்போர்ட்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். எல்லைச் சாவடியில் ஒரு குருவியும் இல்லை. அந்த எல்லைக் கிராமத்தில் நூற்றைம்பது வருடத்துக்கு முன் தோற்றுப்போன பிரெஞ்சுப் படை ஒன்று பனிக்குள் நடந்துவந்து, துவக்குகளைக் குவித்துப் போட்டுவிட்டுத் தஞ்சம் கேட்டதாம். ஊர்ச்சனம் பாண் கொடுத்ததாம். அவர்களிடம் யாரும் கேற் என்ன நிறம் என்று கேட்டதாகப் புத்தகத்தில் இல்லை.

எல்லைக்கு அப்பால் பாறை உச்சியில் ஒரு பெரிய கோட்டை. அதைக் கடந்து, மாட்டுப் புல்வெளிகளுக்குள்ளால் போனால் நிலம் திடீரென்று பிளந்து கீழே ஆறு. அவ்வளவு அழகு. வெள்ளைப் பாறைச் சுவர், அதற்குக் கீழே காடு, அதற்கும் கீழே சின்னச் சின்னக் கல்வீட்டு ஊர்கள், ஒரு பழைய தேவாலயக் கூம்பு. என்னால்தான் அதை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்றோம். தண்ணீர் குடித்தார். முகத்தை நிமிர்த்தி, "அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

கேள்வி வருமென்று எனக்குத் தெரியும். முதல்நாளே படித்து வைத்திருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், கீழே உள்ள மடத்தை எந்தத் துறவிகள் கட்டினார்கள், எந்தப் பிரபு எரித்தான், யார் திரும்பக் கட்டினார்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

"வேறொன்றும் இல்லையா?"

"இல்லை, இவ்வளவுதான்."

"அப்படியென்றால் நல்லது. நீங்கள் போங்கள், நான் பின்னால் வருகிறேன்."

கெட்டித்தனம் காட்டிய சந்தோஷத்தில் நானும் கொஞ்சம் வேகமாகவே இறங்கினேன். மூன்றாவது வளைவில் வீதி முழுக்கப் புதுச் சல்லிக்கல். பிறேக் பிடித்து, சல்லி இல்லாத ஓரத்துக்குச் சைக்கிளை ஒதுக்கினேன். கத்திச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கண்ணுள்ளவனுக்குத் தெரியாதா என்ன? அவர் நேராக அதற்குள்ளேயே வந்தார். சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

தோள் எலும்பு உடைந்திருந்தது. நெற்றியில் இரத்தம். அம்புலன்சுக்குப் போன் அடித்துவிட்டு அவரை வீதியோரக் கல்லில் சாய்த்து உட்காரவைத்தேன். அப்போது அவர் கோபமில்லாமல் கேட்டார், "சல்லிக்கல் என்று பலகை போட்டிருப்பார்களே. இல்லையா?"

"உங்களுக்குத் தெரியவில்லையா?" என்றேன்.

"இரண்டு வருடமாகப் பார்வைக்கு நடுவில் ஒன்றும் தெரியாது. ஓரத்தில்தான் கொஞ்சம் தெரியும். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் காதைப் பார்க்க வேண்டும். எழுத்து அறவே இல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார், "அந்தச் செம்மஞ்சள் தெரியும். நீங்கள் சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன், கோடு போட்டமாதிரி நேராக ஓடுவீர்கள். அதனால்தான் கூப்பிட்டேன்."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

"உங்கள் மனைவி அந்த இல்லத்தில் வேலை செய்கிறார். என் மகள் அங்கே என் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறாள். கண் போனது உறுதியென்றால் வீட்டைப் பூட்டிக் கொண்டுபோய் விட்டுவிடுவாள். நீங்களும் என்னைக் கண்காணித்து அங்கே சொல்லிவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது."

நான் அவரைச் சந்தேகித்த அத்தனை சனிக்கிழமையும் அவர் என்னைச் சந்தேகித்துக்கொண்டு என் முதுகை நம்பி ஓடியிருக்கிறார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அவருக்குத் தெரியாது என்கிற தைரியத்தில்.

அம்புலன்சோடு பிரெஞ்சுப் பொலிஸும் வந்தது. எப்படி விழுந்தார், எச்சரிக்கைப் பலகையைப் பார்க்கவில்லையா என்று கேட்டார்கள். என் கை தானாகச் சட்டைக்குள் இருந்த பிளாஸ்டிக் பைக்குப் போனது. அவர் முந்திக்கொண்டார். "பலகையைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் வேகமாக வந்தது என் பிழை. இவருக்கு இதில் ஒன்றும் இல்லை."

அவரை ஏற்றிக்கொண்டு போனபிறகு மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். மடத்தைப் பற்றிய பலகையே அங்கே இல்லை. மஞ்சள் பலகை ஒன்று மட்டும் நின்றது. சல்லிக்கல், மெதுவாகப் போகவும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

தோள் பொருந்தியபிறகு எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டோம். கார் போகிற வீதி வேண்டாம், இறக்கம் வேண்டாம், எங்கள் ஆற்றோரச் சைக்கிள் பாதை மட்டும். நான் முன்னால் போய்க் கண்ணில் படுகிற பலகை, பள்ளம், நாய் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்வேன். மனைவியும் இல்லத்தில் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் கொம்யூன் என்னைக் கூப்பிட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். சரித்திரமெல்லாம் தண்ணீர்பட்ட பாடு, ஒன்றிலும் தடுக்கவில்லை. ஊரில் யாரோடு பழக்கம் என்று கேட்டார்கள். கீழ்வீட்டுக்காரரைச் சொன்னேன். நடுவில் இருந்த அம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அவரோடு ஒரே அறையில் எத்தனையோ வருடம் வேலை செய்தேன். அவருடைய மகள் எங்களுக்குப் போன் எடுத்தபடி இருக்கிறாள், அவருக்குக் கண் தெரியவில்லை, இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்கிறாள். நீங்கள்தானே கூடப் போகிறீர்கள். அவருக்குப் பார்வை எப்படி?"

சிரிக்கிற முகம். எனக்கு மறுபடியும் மூக்கில் வியர்த்தது, இந்த முறை எனக்காக இல்லை.

"நன்றாகத் தெரியும்" என்றேன். "வழியில் உள்ள பலகைகளையெல்லாம் அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டுவார்."

"ஏன், உங்களுக்கு வாசிக்க வராதா?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதிப் பொய் அவரைக் காப்பாற்றாது. "பெரிய எழுத்தென்றால் கொஞ்சம் வரும், மேடம்" என்றேன்.

அந்த அம்மா பேனாவை எடுத்துக் குனிந்து என் கோப்பில் எழுதினார். சின்ன எழுத்து. தலைகீழாக இருந்தும் ஒவ்வொரு சொல்லாக என்னால் வாசிக்க முடிந்தது. பிரெஞ்சு வாசிப்பு போதாது என்று எழுதியிருந்தார்.