கோபம் என்று குறித்த பேச்சு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்த நான்தான் மன்னார்குடி சாலையில் பஞ்சர் கடை போட்டேன். எங்கள் தெரு ஆள் கடை வைத்தால் எவன் வண்டியை விடுவான் என்று சிரித்தவர்கள், பிறகு என்னிடம்தான் காற்றடித்துக்கொண்டு போனார்கள். அடுத்து டிராக்டர் வாங்கினேன். அடுத்து கதிர் அறுக்கும் மிஷின். நம் சேற்றில் அது புதைந்துவிடும் என்றார்கள். சங்கிலி போட்ட மிஷினாகப் பார்த்து வாங்கி, மழை பெய்த மறுநாளே வயலில் இறக்கிக் காட்டினேன். அடுத்து கல்யாண மண்டபம். எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெருவின் முனையில் நிற்கிறது. மிராசுதார் வீட்டுப் பேத்தியின் கல்யாணமே அதில்தான் நடந்தது. கடைசியாக, கம்ப்யூட்டருக்கு எங்கள் ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொடுத்தேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பஞ்சர் கடைக்கும் சிரித்தவர்கள்தானே.

இத்தனையும் செய்தவன் இப்போது கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் என் அண்ணனின் பேச்சு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் 'கோபம்' என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அது கோபம் இல்லை. அண்ணன் செத்துப்போய்விட்டார். அந்தச் சொல்லை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

பெங்களூர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மண்டபத்தை வாடகைக்குக் கேட்டு வந்தாள். பக்கத்து ஊர்தான். அவள் தாயும் தகப்பனும் கூலிக்கு நட்டுப் படிக்க வைத்த பெண். விவசாயி போன் போட்டு, தன் ஊர்ப் பேச்சிலேயே கேட்டால் போதும், பூச்சிக்கு என்ன மருந்து, ஆற்றில் எப்போது தண்ணீர் வரும் என்று கம்ப்யூட்டர் பதில் சொல்லுமாம். அதற்கு முதலில் நாம் பேசுவது அதற்குப் புரிய வேண்டும். ஊர் ஜனங்களைப் பேசவிட்டுப் பதிவு செய்ய வந்திருந்தாள்.

"அது எப்படி பாப்பா படிக்கும்? அதுக்கு காது இருக்கா?" என்று கேட்டேன்.

"காதெல்லாம் இல்லைங்கய்யா. பேச்ச துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்துல என்ன பேசுனாங்க, கோவமா சந்தோசமா எப்படி பேசுனாங்கன்னு ஆளுங்க எழுதி வைப்பாங்க. லட்சக்கணக்குல அப்படி குடுத்தா, அடுத்து வர்ற புதுப் பேச்சு என்னவா இருக்கும்னு அதுவே கணிக்கும்."

பழகாத காளையைப் பழகின காளையோடு சேர்த்துப் பூட்டி வண்டி பழக்குவோம். அது மாதிரி, சத்தத்தை எழுத்தோடு பூட்டுகிறார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

முதல் நாள் சனம் திரண்டு வந்தது. மைக்கைப் பார்த்ததும் எல்லாம் கெட்டது. எங்கள் பக்கத்தில் மைக் என்றால் மேடை. கழகங்கள் மாறி மாறி ஆண்டதில் கைப்பிள்ளை முதற்கொண்டு மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த ஊர் இது. வயலில் என்ன பூச்சி என்று சொல்லச் சொன்னால், ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெரியோர்களே, தாய்மார்களே, பச்சை வண்ணப் பயிரிலே பாழும் புழுவொன்று படையெடுத்து வந்த கதையை" என்று ஆரம்பித்தார். நடவு நடுகிற பொம்பளைகூட, "எனக்கு இந்த வாய்ப்பை நல்கிய அனைவருக்கும்" என்று கும்பிட்டாள்.

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயா, இதக் கேட்டுப் படிச்சா கம்ப்யூட்டரு மருந்து சொல்லாது. எலக்‌ஷன்லதான் நிக்கும்."

அப்போது வழி சொன்னது நான். "சண்ட போட விடு பாப்பா. எங்க ஆளுக சண்டையிலதான் மேடைய மறந்து பேசுவாங்க."

அவள் யோசித்தாள். பேசுகிறவர்கள் முதலில் சம்மதம் சொல்லிவிட வேண்டும், அடிதடி கூடாது என்றாள். அப்படியே செய்தோம். உள்ளபடியே வழக்கு இருக்கிறவர்களாகப் பார்த்து எதிரும் புதிருமாக உட்கார வைத்தேன்.

"என் மடைய அடச்சது நீதானடி?"

"ஆமா, அடச்சேன். ஒன் வயலு மட்டும் என்ன, காவேரிக்கு வாக்கப்பட்டு வந்துச்சா?"

பிறகு மைக் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. வரப்பு, வாய்க்கால், குறுவை, தாளடி எல்லாம் வாயிலிருந்து அப்படியே கொட்டியது. பெண் சிரித்துச் சிரித்துப் பதிவு செய்தாள். கம்பெனியில் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்களாம். வழி யாருடையது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அண்ணன் வந்து மண்டபத்து வாசலில் நின்றார்.

அவரும் நானும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவில் செங்கொடி ஏறிய காலத்தில், மிராசுதாரின் ஆட்கள் அடிக்க வந்தார்கள். நான் அரிவாளை ஓங்கினேன் என்று வழக்குப் போட்டார்கள். திருச்சிக்கு ஓடி லாரிப் பட்டறையில் ஒளிந்துகொண்டேன். நான் ஊரில் இல்லாதபோது அப்பா போய்ச்சேர்ந்தார். அவர் குத்தகைக்கு உழுத நிலம் அண்ணன் பேரில் பதிவானது. திரும்பி வந்து பங்கு கேட்டேன், தரவில்லை. வாய்தா வாய்தாவாக அலைந்து தோற்றேன். அதோடு பேச்சு நின்றது. திருக்கடையூரில் என் அறுபதாம் கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை.

"சண்டை போட ஆள் கேக்குறியாமே" என்றார், என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம். சம்மதம் சொன்னார். என் எதிரில் உட்கார்ந்தார்.

நான்தான் தொடங்கினேன். "எங்கப்பன் பாடுபட்ட நெலத்த ஒத்தையாளா எழுதிக்கிட்டியே, ஒனக்கு தூக்கம் வந்துச்சா?"

"வரலடா. ஒன்ன தேடி போலீசு வந்தப்ப யாருடா அடி வாங்குனது? எங்க இருக்கான் சொல்லு, சொல்லுன்னு அடிச்சான். நீ திருச்சியில இருக்கன்னு எனக்கு தெரியும்டா. சொன்னனா?" வாயைத் திறந்து விரலால் காட்டினார். "முன்பல்லு எங்கடா?"

எனக்கு அது தெரியாது. வரப்பில் வழுக்கி விழுந்து பல் போனதாகத்தான் ஊரில் சொன்னார்கள்.

"அடி வாங்குனவன் நானு. அதுக்காச்சும் இந்த நெலம் எனக்குன்னு நெனச்சேன். தப்புத்தான்னு வச்சுக்க. நீ வந்து ஒரு வார்த்தை கேட்டியா, ஏண்ணே பல்லு போச்சுன்னு? பங்குதான கேட்ட!"

"நீ சொன்னியா?"

"நீ கேட்டியாடா?"

"நீ சொல்லியிருக்கணும்ணே!"

"நீ கேட்டிருக்கணும்டா!"

மண்டபம் அதிர்ந்தது. பிறகு இருவரும் பேசவில்லை. வெளியே பஸ் போகிற சத்தம் கேட்டது. அண்ணன் துண்டால் முகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணும் கருவியை நிறுத்தவில்லை.

எழுந்தபோது அண்ணன் மேலே, சுற்றிலும் பார்த்தார். சத்தம் போட்டதில் தொண்டை கட்டியிருந்தது. "மண்டபம் நல்லாத்தான்டா கட்டிருக்க" என்றார். "தூணுதான் ஒல்லியா போச்சு."

ஊரே பாராட்டிய மண்டபம். அந்த ஒரு வாயிலிருந்து நல்ல வார்த்தை வராமல் இத்தனை காலம் எனக்கு அரையும் குறையுமாகத்தான் இருந்தது.

நாளைக்கு வீட்டுக்குப் போய்ப் பேசலாம், அறுப்பு முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டேன். கார்த்திகை மழையில் சளி நெஞ்சில் கட்டி அண்ணன் போய்விட்டார்.

துக்கம் கேட்க அந்தப் பெண் வந்தாள். அவர் குரலைக் கேட்க வேண்டும் என்று நானே கேட்டேன். மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். எங்கள் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள். அவர் முகத்தை மூடியிருந்த நேரம் அதில் இல்லை. பேச்சில்லாத இடங்களை வெட்டிவிடுவார்களாம், கம்ப்யூட்டருக்கு அதில் படிக்க ஒன்றும் இல்லையாம். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் ஒரே சொல். கோபம். கோபம். கோபம். கடைசியில் மண்டபம் நல்லாத்தான்டா கட்டிருக்க. அதற்கும் கோபம்.

"இதுவுமா கோவம்?"

"ஒருத்தர ஒருத்தர் தெரியாத மூணு பேரு கேட்டு குறிப்பாங்கய்யா. ரெண்டு பேரு சொல்றது நிக்கும். சத்தம் பெருசா இருக்கு, தொண்டை கரகரன்னு இருக்கு. பேசுறது யாருன்னு அவங்களுக்கு தெரியாதுல்ல."

"மூணாவது ஆளு என்ன எழுதுனாரு?"

தேடிப் பார்த்தாள். "தெரியலன்னு போட்டிருக்காரு."

"அவரு மனுசன்."

மாற்றித் தரச் சொன்னேன். பேசியவரே குறிப்பது விதியில் இல்லை என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "கம்ப்யூட்டர் இத படிச்சு முடிச்சிருச்சுங்கய்யா. எத்தனையோ லட்சத்துல இது ஒண்ணு. இப்ப மாத்துனாலும் அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அதற்குத் தெரியாமல் போகட்டும். எனக்குத் தெரிகிறது. எங்கோ ஒரு அண்ணன் தொண்டை கட்டித் தம்பியைக் கூப்பிடுவான். இவனுக்குக் கோபம் என்று இது சொல்லும். என் அண்ணனிடமிருந்துதான் அதைத் தப்பாகக் கற்றுக்கொண்டது.

இப்போது அந்தப் போன் சேவை நடக்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சு அதற்கு நன்றாகவே புரிகிறது. பொறியாளர்களுக்கு நன்றி, அதிகாரிகளுக்கு நன்றி என்று வரிசையாகப் பெயர் போட்டிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் 'பேசுபவர் ஒன்று', 'பேசுபவர் இரண்டு'.

ஆகவே கம்பெனிக்காரர்களுக்குச் சொல்கிறேன். இடம் என்னுடையது. ஆள் கொண்டுவந்தது நான். மேடைப் பேச்சை விரட்டிச் சண்டையைக் கொண்டுவந்த யோசனை என்னுடையது. அதை எழுதுங்கள். பேசுபவர் ஒன்று, போலீஸ் அடித்தும் தம்பியைக் காட்டிக்கொடுக்காத அண்ணன் என்று எழுதுங்கள். பேசுபவர் இரண்டு, அந்தத் தம்பி. கோபம் என்பதை அடித்துவிடுங்கள். பதிலுக்கு என்ன போடுவது என்று தெரியாவிட்டால், அந்த மூன்றாவது ஆள் போட்டதையே போடுங்கள்.