பாம்புக் காது இராஜமாணிக்கம்

கல்கத்தா கார்டன் ரீச்சில் கப்பல் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் ஒரு காலத்தில் காது மந்தக்காரர்கள் மலிந்திருந்தார்கள். காது கேட்கவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஸ்டோரில் நாற்காலி வேலை, சம்பளமும் குறையாது. அதனால் நன்றாகக் கேட்கிறவர்களும் டாக்டர் முன்னால் "ஆங்? என்ன?" என்றார்கள்.

பிறகு சீர்திருத்தம் வந்தது. நிரந்தர வேலை போயிற்று, பூஜா போனஸ் போயிற்று, எல்லோரும் கான்ட்ராக்ட் ஆனார்கள். அதே கொட்டகை, அதே கிரைண்டர். அடையாள அட்டை மட்டும் வருஷா வருஷம் புதுசு. காது பரிசோதனையில் தேறாதவருக்கு அட்டை கிடையாது. ஒரே நாளில் அத்தனை பேருக்கும் காது திறந்துகொண்டது. கல்கத்தாவின் எந்த டாக்டராலும் ஆகாத காரியம் அது.

இருபத்தாறு வருஷம் கிரைண்டர் பிடித்துத் துரு எடுத்ததில் இராஜமாணிக்கத்துக்கு நிஜமாகவே காது போயிருந்தது. பெஹாலா வீட்டில் குக்கர் விசிலை மனைவி தமயந்திதான் எண்ண வேண்டும். ஆனால் பரிசோதனையில் மனுஷன் சோடை போனதில்லை. ஹெட்போனில் சத்தம் கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். நர்ஸ் மேக்னா பித்தானை அழுத்தும்போது அவள் தோள் லேசாக அசையும். அவர் அதைப் பார்த்துத் தூக்குவார். ஏழு வருஷமாக நூற்றுக்கு நூறு. பாம்புக் காது என்று பெயரே வந்துவிட்டது.

இந்த வருஷம் அதற்கான மரியாதை கிடைத்தது. கிரைண்டர் இரைச்சலில் வேலையாட்களுக்குக் கிரேன் நகரும்போது ஊதுகிற சைரன் கேட்காது. சைரன் ஊதியதும் கொடி காட்டி அவர்களை விலக்குகிற ஆளைச் செலவென்று வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று. கூடுதல் சம்பளமில்லாமல் அங்கே நிற்கக் கூர்மையான காது ஒன்று தேவை. ஃபைலைப் புரட்டினார்கள். இராஜமாணிக்கம் பெயர் முதலில் இருந்தது.

கிரேனுக்குக் கீழே பத்துப் பேர். அட்டை போனால் போகட்டும் என்று அவர் சூப்பர்வைசர் ரமேஷ்பாபுவிடம் போனார்.

"தம்பி, எனக்குக் காது கேக்காது. ஏழு வருஷமா ஏமாத்திட்டேன்."

ரமேஷ்பாபு ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே ஏதோ சொன்னார்.

"ஆங்? என்ன?" என்றார் இராஜமாணிக்கம்.

ரமேஷ்பாபு விழுந்து விழுந்து சிரித்தார். எழுந்து வந்து தோளைத் தட்டி உரக்கச் சொன்னார்: "அந்தக் காலத்து நாடகத்த எங்கிட்டயே போடுறீங்களேண்ணே. நாற்காலி வேலையெல்லாம் இப்போ கிடையாது."

சிவப்புக் கொடியைக் கையில் கொடுத்தார்.

பாம்புக் காதுக்காரர் நிற்கிற தைரியத்தில் பத்துப் பேரும் குனிந்து வேலை செய்கிறார்கள். அவர் அண்ணாந்து கிரேனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கண்ணைச் சிமிட்டக்கூட அவருக்குப் பயமாக இருக்கிறது.