பேச்சிக் குழிக்குப் போகும் வழி

எழுதப் படிக்க எனக்குப் போன வருடம்தான் வந்தது, எழுபத்திரண்டு வயதில். ஒரு விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்துச் சுண்ணாம்புக்கல் குழிக்குள் கயிறு கட்டி இறங்கி வரைபடம் போட ஞாயிறுதோறும் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாசி மாத ஞாயிறு ஒன்றில் கிளம்பினேன். அந்த வரைபடத்தில் என் அக்காவின் பேர் வரவேண்டும். அதற்காகத்தான் போனேன்.

ஹட்டனில் காலை ஆறரை பஸ். நுவரெலியாவுக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவில் பதினான்கு கிலோமீட்டர், போய்வர மூவாயிரம் ரூபாய். பேரம் பேசலாம். நான் பேசவில்லை, வழியெல்லாம் பலகை படித்துக்கொண்டு வந்தேன். குழிக்கு ஏறும் இடத்திலும் புதுப் பலகை. கொழும்புக்காரர்கள் மூன்று மொழியில் 'வெள்ளிக் குகை' என்று வைத்திருக்கிறார்கள், தமிழில் மட்டும் 'குனக'. பிழையை நானே கண்டுபிடித்துவிட்டேன்! சந்தோஷம் தாங்கவில்லை.

"படிக்கத் தெரிஞ்சா இனிமே கோவந்தான் வரும், தாத்தா" என்றார் ஆட்டோக்காரர்.

எங்கள் லயத்து வீடுகளில் அதற்குப் பேச்சிக் குழி என்று பேர். பேச்சியம்மா என் அக்கா. விறகு பொறுக்கப் போய் அதற்குள் விழுந்தாள். அவ்வளவு ஆழத்துக்குக் கயிறு இல்லை என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட கண்டாக்கு அவள் பேரையும் கூப்பிட்டார். வரவில்லை என்று போட்டுக்கொண்டு அடுத்த பேருக்குப் போனார்.

குகைக்காரர்கள் ஆறு பேர். பகல் முழுக்க உள்ளே இருந்துவிட்டுச் சேறும் சிரிப்புமாக ஏறி வந்தார்கள். அறுபது மீட்டர் ஆழமாம். அடியில் தண்ணீரும் வண்டலும்தானாம், வேறொன்றும் காணவில்லையாம். தலைவியாக வந்த பெண்ணிடம் அக்காவைப் பற்றிச் சொல்லி, வரைபடத்தில் அவள் பேரைப் போடும்படி கேட்டேன். பேச்சி என்று என் கையாலேயே எழுதியும் கொடுத்தேன், புள்ளி விடாமல்.

"முதல்ல இறங்கினவங்கதான் பேர் வைப்பாங்க, ஐயா. அதுதான் எங்க வழக்கம்."

"எங்கக்காதாம்மா முதல்ல இறங்குச்சு."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இறங்கி, ஏறியும் வந்திருக்கணும், ஐயா."

போகிறவர்களுக்கு: அட்டைக்கடி நிறைய, காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். மழை விட்ட கையோடு போகாதீர்கள், விளிம்பில் வேலி கிடையாது. விழுந்தால் எடுக்க இப்போது கயிறு உள்ளவர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ஆட்டோவில் ஏறும்போது வரைபடத்துப் பேரைச் சொல்லாதீர்கள். பேச்சிக் குழி என்று சொல்லுங்கள். தெரியாது என்றால் அடுத்த ஆட்டோவில் கேளுங்கள்.